பல்லோடு வந்த மருமகன்

“போர்டுல இருக்குறவரும் உள்ள உக்காந்திருக்குறவரும் ஒரே ஆளு மாதிரி இருக்கே”ன்னு வாசல்ல நின்னு உங்க வீட்டம்மாகிட்ட மெதுவாச் சொன்னீங்க பாருங்க, எனக்குக் கேட்டுச்சு சார். தப்பா நினைக்கல. யார் பார்த்தாலும் கேக்கத்தான் செய்வாங்க. நேத்து ஒருத்தர் மாலையோட வந்துட்டாரு.

ஒரே ஆளுதான் சார். நான்தான். செந்தூர்பாண்டி. மேல ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு போட்டு, ரெண்டு பக்கமும் மெழுகுவர்த்தி எரியுற மாதிரி வச்சு அடிச்சதும் நான்தான். அருப்புக்கோட்டையில பதினோரு வருஷமா பிளக்ஸ் கடை வச்சிருக்கேன். இந்த வேலைய வெளிய குடுக்க முடியுமா?

உக்காருங்க. அம்மா, நீங்க ஃபேனுக்கு நேரா உக்காருங்க. உங்க பொண்ணு சடங்கு போர்டு எட்டுக்குப் பன்னண்டு. மிஷின் அதை அடிச்சு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள சொல்லிடுறேன். நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்க. எங்க வீட்டுல கேட்டா நியாயம் கிடைக்காது.

எனக்கு ஒரே தங்கச்சி. பேச்சியம்மா. எம்.காம் படிச்சவ. அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க, நான்தான் கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்காரு, அஸ்ஸாம் பக்கம். தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதானே பார்க்கணும்? வளைகாப்பு முடிஞ்ச கையோட நானே போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன். மாம்பழம் கேட்டா மாம்பழம், மிக்சர் கேட்டா மிக்சர். அண்ணன் ஒரு குறை வச்சான்னு யாராவது சொல்லட்டும்.

ஆவணி மாசம் பிள்ளை பொறந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை. மூணு கிலோ. ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துக்கிட்டு இருந்தேன் சார், அவ்வளவு சந்தோஷமா. உள்ளயிருந்து நர்ஸம்மா வந்து, “பேச்சியம்மா கூட வந்தது யாருங்க? பிள்ளைக்குக் கீழ ஒரு பல்லு இருக்கு, டாக்டர் வந்து பார்ப்பாங்க”ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

பல்லு. பொறந்து இருபது நிமிஷம் ஆகல. பல்லு!

பக்கத்துல ஒரு பெரியம்மா உக்காந்திருந்துச்சு. யாரோ, நமக்குத் தெரியாது. நான் குடுத்த மிட்டாயத்தான் சப்பிக்கிட்டு இருந்துச்சு. அது சொல்லுது: “அடப்பாவமே, பல்லோட பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதே. மாமன் யாருப்பா?”

“நான்தான்”னேன்.

அந்தம்மா மிட்டாய வாயிலயிருந்து வெளிய எடுத்துடுச்சு சார்.

அப்புறம் குழந்தை டாக்டரம்மா வந்தாங்க. சின்ன வயசு. உள்ள போய்ப் பார்த்துட்டு வெளிய வந்து என்கிட்ட பொறுமையாத்தான் சொன்னாங்க. “இது அபூர்வம்தான், ஆனா எங்கயாவது ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க இப்படிப் பல்லோட வர்றதுதான். ஆடுற பல்லா இருந்தா எடுத்துடணும், கழண்டு தொண்டைக்குள்ள போயிடும். இது ஆடல. அவனோட பால் பல்லுதான், அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுச்சு. அப்படியே விட்டுடலாம்.”

“விடக் கூடாது டாக்டர். புடுங்கிடுங்க.”

“ஏன்?”

“என் உயிரு டாக்டர்.”

“நீங்க யாரு?”

“மாமன்.”

டாக்டரம்மா என்னை ஒரு தடவ மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. “உங்க பல்லெல்லாம் நல்லா இருக்கா?”ன்னாங்க. நல்லா இருக்குன்னேன். “அப்ப அதை நீங்க பார்த்துக்கோங்க. இவன் பல்லை நான் பார்த்துக்குறேன்”னாங்க. படிச்சவங்களுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியறதில்ல சார். பாடத்துல வராது போல.

அதோட விட்டாங்களா? “இன்னொண்ணு. நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டா ஒரு சின்னச் சத்தம் வருது. நிறையப் பிள்ளைங்களுக்கு அது சும்மா வர்ற சத்தமா இருக்கும். ஆனா இப்படிப் பல்லோட வர்ற பிள்ளைங்கள்ல சிலருக்கு, ரொம்ப ரொம்ப அபூர்வமா, இதயத்துலயும் குறை இருக்கும். பயப்பட வேணாம். நல்லா நிறமா இருக்கான், பால் குடிக்கிறான். மதுரையில இதயத்துக்குன்னே குழந்தை டாக்டர் இருக்காரு, அவர்கிட்ட எக்கோ எடுத்துப் பார்த்துடுவோம்.”

இதயம்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு இங்க, இந்தப் பாக்கெட்டுக்குக் கீழ, சுருக்குன்னுச்சு. ஆரம்பிச்சிருச்சுடா செந்தூர்பாண்டின்னு நினைச்சேன். நேரா கீழ்மாடிக்குப் போய் ஈசிஜி எடுத்துட்டேன். நார்மல்னு சொல்லிட்டாங்க. அந்தச் சீட்டை வாங்கிக்கிட்டு ஒரே ஓட்டமா மேல வந்து, பேச்சி படுத்திருந்த ரூம் வாசல்ல, திரைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, “பேச்சி, பயப்படாத! இதயத்துல ஒரு குறையும் இல்லையாம்!”னேன்.

“நெசமாவாண்ணே? அதுக்குள்ள எக்கோ எடுத்துட்டாங்களா? எப்ப தூக்கிட்டுப் போனாங்க?”

“எக்கோ இல்லம்மா, ஈசிஜி. எனக்கு.”

திரைக்கு அந்தப் பக்கம் அவ திரும்பிப் படுக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், “சந்தோஷம்ண்ணே”ன்னா. பாசக்காரி சார். பெத்துப் போட்ட வலியிலயும் அதைச் சொல்றா பாருங்க.

ஒரு நிமிஷம். மிஷின்ல மஞ்சள் இங்க் பார்த்துட்டு வந்துடுறேன்.

ம். என்ன சொன்னேன்? ஆங், ஜோசியர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்காரே, அவர்கிட்டதான் முதல்ல போனேன். “மேல்பல்லா, கீழ்ப்பல்லா?”ன்னாரு. கீழ்ப்பல்லுன்னேன். “மேல்பல்லுதான்யா மாமனுக்கு ஆகாது. கீழ்ப்பல்லு ஒண்ணும் பண்ணாது. போய் வேலையப் பாரு”ன்னுட்டாரு. எனக்குத் திருப்தி இல்ல சார். ஆளு இட்லி தின்னுக்கிட்டே சொல்றாரு. ரெண்டாவது ஒருத்தர்கிட்ட போனேன். அவரும் அதையே சொன்னாரு. அப்புறம் விசாரிச்சா ரெண்டு பேரும் சம்பந்தியாம், சொல்லி வச்சுக்கிட்டுத்தானே பேசுவாங்க? மூணாவதா பாலையம்பட்டியில ஒருத்தரைப் பிடிச்சேன். அவர் என் கையப் பார்த்தாரு, மூஞ்சியப் பார்த்தாரு, கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாரு. “கஷ்டம்”னாரு. அப்பத்தான் எனக்கு மனசு நிறைஞ்சுச்சு. விஷயம் தெரிஞ்ச ஆளு.

அவர் சொன்ன பரிகாரம்: பிள்ளை முகத்தை நேராப் பார்க்கக் கூடாது. பதினாறாம் நாள் தாம்பாளத்துல நல்லெண்ணெய் ஊத்தி, முதல்ல எண்ணெயில முகத்தைப் பார்த்துடணும். அதுக்கப்புறம் நேர்ல.

சொல்லுறது சுலபம் சார். பிள்ளை எங்க இருக்கான்? என் வீட்டுல இருக்கான். நான் எங்க போறது? கடைக்கே வந்துட்டேன். அந்தா, வினைல் ரோல் அடுக்கியிருக்கே, அதுக்குப் பின்னாடிதான் பாய். ஆனா குளிக்க, துணி மாத்த வீட்டுக்குப் போய்த்தானே ஆகணும்? அதுக்கு ஒரு யோசனை பண்ணினேன். ஹெல்மெட்டைப் போட்டு, கண்ணாடி மேல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி இறக்கி விட்டுட்டேன். கீழ குனிஞ்சா கால் மட்டும் தெரியும். தெருவுலயிருந்து பின்பக்கமாவே நடந்து வந்து, நிலைப்படி தாண்டி, கூடத்தைத் தாண்டி, பின்பக்கமாவே கொல்லைக்குப் போயிடுவேன். ரெண்டே நாள்ல பழகிடுச்சு. தெருப் பிள்ளைங்களும் என் பின்னாடி பின்பக்கமா நடக்க ஆரம்பிச்சிருச்சுங்க. அது வேற விஷயம்.

என் வீட்டுக்காரி பேரு தங்கபுஷ்பம். பேருலதான் ரெண்டும். “பல்லில்லாமப் பொறந்த பிள்ளைங்களோட மாமனுங்க எல்லாம் மார்க்கண்டேயனா இருக்காங்களா?”ன்னு கேக்குறா. “மூணு கிலோ பிள்ளைக்குப் பயந்துக்கிட்டு ஒரு மனுஷன் ஹெல்மெட்டோட ரசம் குடிக்கிறானே”ன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குற மாதிரி சிரிக்கிறா. ஹெல்மெட்டோட ரசம் குடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு குடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

போன்ல பிள்ளை படத்தை வேற அனுப்புவா. நான் திறக்க மாட்டேன். போட்டோவுல பார்த்தா கணக்குல வருமா வராதான்னு பாலையம்பட்டிக்கு போன் போட்டுக் கேட்டேன். அவர் யோசிச்சுட்டு, “வாய் தெரியலைன்னா பரவாயில்ல”ன்னாரு. வாயை வெட்டிட்டு அனுப்புடின்னு சொன்னேன். அவ வாயை மட்டும் வெட்டி அனுப்புறா சார்!

பேச்சி பாடும் கஷ்டம்தான், நான் இல்லேங்கல. பால் குடுக்கும்போது நறுக்குன்னு கடிச்சிடுறானாம். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளாம். ராத்திரி பூரா தூங்குறதில்லையாம், பிள்ளை நெஞ்சுல காதை வச்சுக்கிட்டே உக்காந்திருக்காளாம், அந்தச் சத்தம் கூடுதா குறையுதான்னு. தங்கபுஷ்பம் வந்து சொன்னா. நான் கேட்டேன், அவனுக்காவது காதை வச்சுக் கேக்க ஒரு ஆளு இருக்கு, எனக்கு யாரு இருக்கான்னு. அதுக்கு அவ சாப்பாட்டுக் கேரியரை டங்குன்னு வச்சுட்டுப் போயிட்டா. நியாயத்தைக் கேட்டா பதில் இருக்காது சார்.

ஒரு நாள் பேச்சியே கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு கேட்டா. “அண்ணே, நீ பிள்ளையப் பார்க்க வேணாம். நான் தனியா வெளிய வர்றேன். என்கூட ஒரு அஞ்சு நிமிஷம் உக்காரேன்.” எனக்கு ஆசைதான். ஆனா அவ கண்ணுல பிள்ளை உருவம் நிழலாடினா? நமக்கு எதுக்கு வம்பு? “பிரிண்டிங் ஆர்டர் கெடக்கும்மா”ன்னு பின்பக்கமாவே கிளம்பிட்டேன்.

பதினாறாம் நாள் வந்துச்சு. தாம்பாளம், ரெண்டு கிலோ நல்லெண்ணெய், எல்லாம் தயார். நான் கண்ணை மூடிக்கிட்டு தாம்பாளத்துக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தேன். தங்கபுஷ்பம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு என் தோளுக்குப் பின்னாடி நிக்கணும், முகம் எண்ணெயில விழணும். அதான் ஏற்பாடு. “வந்துட்டானா?”ன்னேன். “வந்துட்டான், குனிஞ்சு பாருங்க”ன்னா. நல்லாக் குனிஞ்சு, கண்ணைத் திறந்தேன்.

எண்ணெயில என் மூஞ்சி சார்.

என் மூஞ்சி மட்டும். வேற ஒண்ணுமே தெரியல. “நீங்க இந்தக் குனி குனிஞ்சா பிள்ளை எங்கயிருந்து தெரியும், தலையத் தள்ளுங்க”ன்னு அவ கத்துறா. எனக்குக் காதுல விழுந்தாத்தானே? பிள்ளை தெரிய வேண்டிய இடத்துல என் மூஞ்சி, கறுப்பா, நெளிஞ்சு நெளிஞ்சு. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. எந்திரிச்ச வேகத்துல தாம்பாளத்தைத் தட்டி விட்டுட்டேன். ரெண்டு கிலோ எண்ணெய், கூடம் பூரா. மூணு நாளைக்கு எங்க வீட்டுல யாருமே நேரா நடக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் அடிச்சதுதான் அந்த போர்டு. செத்த பிறகு மத்தவங்க கையில விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாப் பார்க்குறேன். வீட்டுல போட்டோ கேட்டா வாக்காளர் அட்டையத் தூக்கிக் குடுப்பாங்க. எவ்வளவு அழகான ஆளா இருந்தாலும் போர்டுல தேடப்படும் குற்றவாளி மாதிரி வந்து நிப்பான். அதனால நானே போட்டோ எடுத்து, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, தோற்றம் தேதியப் போட்டு, மறைவுக்கு மட்டும் இடம் விட்டு அடிச்சேன். பிரிண்டு அருமையா விழுந்துடுச்சா, உள்ள சுருட்டி வைக்க மனசு வரல. சாம்பிளா வெளிய மாட்டிட்டேன். அதைப் பார்த்து நாலு ஆர்டர் வந்திருக்கு, பொய் இல்ல.

போன புதன்கிழமை எக்கோவுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. தங்கபுஷ்பம்தான் கூடப் போறதா இருந்துச்சு. அன்னைக்குக் காலையிலன்னு பார்த்து அவளுக்குக் கால் வலி. “தாய்மாமன் நீங்க இருக்கும்போது நான் எதுக்கு?”ன்னுட்டா. மறுநாள் அதே காலோட சந்தைக்கு நடந்து போயிட்டு வந்தா, சட்டுன்னு எப்படிச் சரியாச்சோ. கார் பிடிக்கலாம்னா, கார்ல பக்கத்துல பக்கத்துல உக்காரணும். பஸ்னா பேச்சி முன்னாடி, நான் பின்னாடி. பஸ்ஸுன்னு சொல்லிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில பேச்சி இங்க, இந்த வாசல்ல நின்னா. பிள்ளையத் தோள்ல போட்டு மேல துண்டைப் போட்டுக்குறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா. நான் ஹெல்மெட்டுக்குக் கீழ அவ காலைத்தான் பார்க்குறேன். அந்தக் கால் போர்டுக்கு முன்னாடி ரொம்ப நேரம் அசையாம நின்னுச்சு.

“தோற்றம் வருஷம் தப்பாப் போட்டிருக்கண்ணே. நீ எண்பத்தி நாலு. எண்பத்தி ஆறு இல்ல.”

“ரெண்டு வருஷம் குறைச்சுப் போட்டேன்”னேன்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு”ன்னா.

பையை நான்தான் தூக்கினேன் சார், அதைச் சொல்லணும்ல. துணி, ஆஸ்பத்திரி ஃபைலு, வெந்நீர் எல்லாம் என்கிட்ட. பேச்சி டிரைவருக்குப் பின்னாடி உக்காந்தா, நான் கடைசி சீட்டு, ஹெல்மெட்டோட. கண்டக்டர் டிக்கெட் குடுக்க வந்தவன், “டிரைவர் மேல அவ்வளவு நம்பிக்கையாண்ணே?”ங்குறான். பிள்ளை அழுதா பேச்சிக்குப் பை வேணும். எனக்கு முன்னாடி இருக்குறவர்கிட்ட குடுப்பேன், அவர் அடுத்தவர்கிட்ட குடுப்பாரு, அப்படியே போகும். துணிய எடுத்துக்கிட்டு அவ திருப்பி அனுப்புவா, அப்படியே வரும். காரியாபட்டி வர்றதுக்குள்ள அந்தப் பை ஆறு தடவ போயிட்டு வந்துடுச்சு. நாலாவது தடவையில யாரோ அதுக்குள்ள ஒரு வாழைப்பழம் போட்டிருந்தாங்க. நல்ல ஜனங்க.

மதுரையில அந்த ரூமு. இருட்டா, ஏசி போட்டு, ஒரு டிவி மாதிரி மிஷினு. பேச்சி உள்ள போனா. நான் கதவுகிட்ட, சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டேன். பிள்ளை வீல்னு கத்துறான். டாக்டர் சொல்றாரு, “இப்படிக் கைகாலை ஆட்டினா ஒண்ணும் தெரியாதும்மா. அமைதியா இருக்கணும். நீங்க கையைப் பிடிங்க… உங்களால ஒத்த ஆளாப் பிடிக்க முடியாது போல. கூட யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல டாக்டர்”னா பேச்சி.

பத்தடி தூரத்துல நிக்குறேன் சார். ஹெல்மெட்ல இருந்ததால அவளுக்கு அடையாளம் தெரியல போல.

டாக்டர் என்னைப் பார்த்துட்டாரு போல. “அப்ப அங்க நிக்குறது யாரு? ஏங்க, ஹெல்மெட்! கை சும்மாத்தானே இருக்கு? கழுவிட்டு வாங்க. அதைக் கழட்டி வெளிய வைங்க, மிஷின்ல இடிக்கும்.” மாட்டேன்னு சொல்லலாம்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள அங்க இருந்த ஒரு நர்ஸு ஹெல்மெட்டைக் கழட்டியே எடுத்துடுச்சு. ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிட்டேன். யாரோ என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சு, சர்க்கரைத் தண்ணியில முக்கி, எதுக்குள்ளயோ வச்சாங்க. வெதுவெதுன்னு இருந்துச்சு. பிள்ளை அழுகை நின்னுபோச்சு. பரவாயில்லையேன்னு நினைச்சேன்.

கடிச்சான் பாருங்க.

ஒத்தப் பல்லு சார். ஒரே ஒரு பல்லு. மேல வெறும் ஈறு. அதுக்கே இந்த வலி. நான் “யாத்தே”ன்னு கண்ணைத் திறந்துட்டேன். நேருக்கு நேர். லைசென்ஸ் கேக்குற போலீஸ்காரர் மாதிரி என்னையே பார்க்குறான். கண்ணைச் சிமிட்டக்கூட இல்ல. சரி, பார்த்தாச்சு, இனிமே மூடி என்ன பண்றதுன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். விரலை இழுத்தா அழுவான். இழுக்கல. “எவ்வளவு நேரம் டாக்டர்?”னேன். “இருபது நிமிஷம், அசையாதீங்க”ன்னாரு. இருபது நிமிஷமும் விடவே இல்ல சார் அவன்.

டாக்டர் அந்த டிவியவே உத்துப் பார்க்குறாரு, பிள்ளை நெஞ்சுல கருவிய வச்சுத் தேய்க்குறாரு, மறுபடி பார்க்குறாரு. பேச்சி டாக்டர் மூஞ்சியையே பார்க்குறா. கடைசியில, “ஓட்டை இல்லம்மா. வால்வு எல்லாம் நல்லா இருக்கு. அது சும்மா வர்ற சத்தம்தான், வளர வளரப் போயிடும்”னாரு.

“இதயத்துல ஒண்ணும் இல்லையா டாக்டர்?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்லம்மா.”

“இந்தப் பிள்ளைக்குத்தானே சொல்றீங்க?”ன்னு கேட்டா சார் அவ. எம்.காம் படிச்சவ, என்ன கேள்வி பாருங்க. டாக்டரே சிரிச்சுட்டாரு.

நானும் விடல. “டாக்டர், நேராப் பார்த்துட்டேனே, எனக்கு ஒரு எக்கோ எடுத்துடலாமா?”ன்னேன். “எனக்குக் குழந்தைங்களைப் பார்த்துத்தான் பழக்கம்”னாரு, அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “வேணும்னா பார்க்கலாம்”னாரு. எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு தெரியல.

வெளிய வராண்டாவுல வந்து உக்காந்தோம். உச்சி வெயில் நேரம், கூட்டம் இல்ல. நான் விரலைக் காட்டி பேச்சிகிட்ட சொன்னேன், “உன் பிள்ளைக்கு நல்லபடியா முடிஞ்சுபோச்சு. இனிமே என் நிலைமைய யாரு யோசிக்கிறது? பாரு, பல்லு பதிஞ்சிருக்கு பாரு”ன்னேன்.

அவ எந்திரிச்சு வந்து பிள்ளைய என் மடியில வச்சா சார். என் கை ரெண்டையும் எடுத்து, ஒண்ணை அவன் தலைக்கு அடியில வச்சா, ஒண்ணை முதுகுக்கு அடியில வச்சா. பக்கத்து பெஞ்சுல காலை நீட்டிப் படுத்தா. முந்தானைய இழுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டா. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தூங்கினா.